அழவிட்டு அனுப்பிய படங்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

இரவுக் காட்சி, ரங்கூன்:

நானே ஆரம்பிக்கிறேன். எங்கள் வீட்டில் 'மூன்றாம் பிறை' பல வருஷம் கல்யாணத்தில் முடிந்த படம். சிரிக்காதீர்கள்.

எண்பதுகளின் கடைசி. தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் டெக் இருந்தது. தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, கூடத்தில் பாய் விரித்துப் படம் போடுவார்கள். ஸ்ரீதேவிக்குப் பழைய நினைவு திரும்பிவிட்டது, நடுவில் பார்த்துக்கொண்ட கமலைத்தான் மறந்துவிட்டார், பெற்றவர்கள் அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள், கமல் பின்னாலேயே ஓட ஆரம்பிக்கிறார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. எங்கள் ஊரில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு மெழுகுவர்த்தி முழுசாக எரிந்து முடியும்வரை உட்கார்ந்திருந்தோம். கேசட்டை விடிந்ததும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மாவே படத்தை முடித்துவிட்டார். ஸ்டேஷனில் அவன் அவளைப் பிடித்துவிடுகிறான், அவனைப் பார்த்ததும் அவளுக்கு ஞாபகம் வருகிறது, அப்பாக்காரர் மனசு இறங்குகிறார், ஊட்டியிலேயே கல்யாணம். "ஊட்டியில் எதுக்கு, பழனியில் வைக்கலாம்" என்றார் பெரியம்மா. அதோடு எல்லோரும் மறந்துவிட்டோம்.

டிஷ் ஆன்டெனா வந்த பிறகு ஒரு மதியம் அதே படம் ஓடியது. அம்மா பூண்டு உரித்துக்கொண்டே பார்த்தார். ஸ்டேஷனில் கமல் தலையில் பானையை வைத்துக்கொண்டு குரங்கு போல ஆடுகிறார். அவள் ஜன்னல் வழியாக, யாரோ பைத்தியம் என்று பார்க்கிறாள். ரயில் போய்விடுகிறது. அம்மாவின் கையில் பாதி உரித்த பூண்டு அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அப்பா சொன்னார்: "அன்னிக்குக் கரண்ட் போனதே நல்லதாப் போச்சு."

ஆனால் அதற்கப்புறம் அந்தப் படம் எப்போது போட்டாலும், கடைசி அரை மணி நேரத்துக்கு அம்மா வந்து உட்கார்ந்துவிடுவார். முன்னால் நடப்பதெல்லாம் அவருக்கு வேண்டாம்.

மோல்மேன் பேத்தி:

சிரிக்கத்தான் வந்தேன், பூண்டு வரைக்கும். எங்கள் அப்பத்தா கதையைச் சொல்கிறேன்.

'பாசமலர்' 1961-ல் வந்தது. அதை ரங்கூன் தியேட்டரில் தன் அண்ணனோடு போய்ப் பார்த்திருக்கிறார். பிறகு 1964. பர்மாவில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, 50, 100 கியாட் நோட்டு செல்லாது என்றார்கள். அண்ணன் பிள்ளைகுட்டிகளோடு மெட்ராஸுக்குக் கப்பல் ஏறினார். அப்பத்தா புருஷன் வீட்டோடு இங்கேயே தங்கிவிட்டார். அதன்பின் இருவரும் பார்த்துக்கொள்ளவே இல்லை.

அண்ணன் இறந்த கடிதம் கருமாதியெல்லாம் முடிந்து ரொம்ப நாள் கழித்துத்தான் கைக்கு வந்தது. படித்துக் காட்டினோம். "ம்" என்றார். மடித்து முருகன் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. ஊரில் அதற்கும் பேசினார்கள்.

இரண்டு வாரம் கழித்து, யார் வீட்டிலோ 'பாசமலர்' கேசட். கண் பார்வை போன சிவாஜி தங்கையைத் தேடி வருகிறார், "கைவீசம்மா கைவீசு" வருகிறது. அப்பத்தா முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. படம் முடிந்தும் எழுந்திருக்கவில்லை. "பாவம், அந்தச் சாவித்திரிப் பிள்ளை" என்று மட்டும் சொன்னார்.

யாரும் தேற்றவில்லை. படத்துக்கு அழுகிறவரை யார் தேற்றுவார்கள்? அவருக்கு அதுதான் வசதியாக இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

டீக்கடை மூலை:

அப்பத்தாவுக்குக் கும்பிடு. ஆனால் நான் எதிர்க்கட்சி. 'காதல்', 'பருத்திவீரன்', 'சுப்ரமணியபுரம்', 'மைனா' என்று 2004-லிருந்து ஆறேழு வருஷத்துக்குள் எத்தனை இடி! ஒருமுறை டிவிடி கடையில், "கடைசியில் யாரும் சாகாத படமா, யாரும் பைத்தியம் ஆகாத படமா ஒன்று கொடு தம்பி" என்றேன். "அப்போ வடிவேலு காமெடித் தொகுப்புதான் இருக்கு அண்ணே" என்றான். பாதிப் படங்களில் கதாநாயகியைக் கொல்வது, கதையை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல்தான் என்பது என் கட்சி.

இன்னொன்று. என்னோடு வேலை பார்க்கும் தெலுங்குக்காரருக்கும் எனக்கும் ஒரு நாள் பெரிய சண்டை. 'விண்ணைத்தாண்டி வருவாயா'வில் ஜெஸ்ஸி வேறொருவனைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறாள் என்கிறேன் நான். இல்லவே இல்லை, இரண்டு பேரும் சேர்ந்துவிடுகிறார்கள் என்று அவர் சத்தியம் செய்கிறார். படத்தை யார் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்பதில் டீ ஆறிப்போனது. பிறகுதான் தெரிந்தது: ஒரே டைரக்டர், ஒரே நாளில், 2010 பிப்ரவரி 26-ல், தமிழில் பிரித்தும் தெலுங்கில் சேர்த்தும் விட்டிருக்கிறார்! சேர்த்து வைக்க முடியும் என்றால் நமக்கு மட்டும் ஏன் ஐயா இந்த வஞ்சகம்?

இரவுக் காட்சி, ரங்கூன்:

இதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அப்பத்தா கதைக்கு ஒன்றும் பேசவில்லை. தெலுங்குக் கதையைக் கேட்டதும் நிமிர்ந்தார். "அப்போ மூன்றாம் பிறையையும் வேற பாஷையில் எடுத்தாங்களா?"

இந்தியில் 1983-ல் எடுத்தார்கள், அதே பாலு மகேந்திரா, அதே கமல், ஸ்ரீதேவி, முடிவும் அதேதான் என்றேன்.

"அங்கேயும் அவளுக்கு அவனைத் தெரியலையா?"

"தெரியலை."

"சரி" என்று முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.