புதிய அரசின் முதல் எண்பது நாட்கள்: மக்கள் நம்மிடம் சொன்னவை

ராம்ஸ்கேற்றிலிருந்து, கடை நடத்துபவர்:

2024 ஜூலை 4ஆம் திகதி நடந்த பொதுத்தேர்தலில் பிரித்தானியாவின் ஆட்சி மாறியது முதல், என் கடையின் கல்லாவுக்கு முன்னால் நின்று மக்கள் சொன்ன சிலவற்றை எழுதி வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். தொலைக்காட்சியில் வல்லுநர்கள் பேசுவதும் காலை ஆறரை மணிக்குப் பால் வாங்க வருபவர் பேசுவதும் ஒன்றாக இருப்பதில்லை. உங்கள் வேலையிடங்களிலும் தெருக்களிலும் நீங்கள் கேட்டவற்றையும் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் இருப்பது கென்ற் பகுதியின் கிழக்கு முனையில் உள்ள கடலோர நகரம். 2015இல் வலதுசாரி அரசியல்வாதி நைஜல் ஃபராஜ் போட்டியிட்டுத் தோற்ற பழைய தொகுதிக்குள் இந்த நகரம் இருந்தது. 2010 முதல் அத்தொகுதி பழமைவாதக் கட்சியின் கையில்தான் இருந்தது. எல்லைகள் மாறி ஈஸ்ற் தானற் என்று பெயர் பெற்ற தொகுதியை இம்முறை தொழிற்கட்சி வென்றது. மறுநாள் விடியற்காலையில் பத்திரிகைக் கட்டுகளை அவிழ்த்து அடுக்கும்போது, தொழிற்கட்சி பெருவெற்றி பெற்ற 1997 மே மாதத்தில் கண்ட ஆரவாரத்தில் பாதியாவது இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அப்போது நான் கிழக்கு இலண்டனில் ஒரு பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்துகொண்டிருந்தேன்; விடியும் நேரத்தில் வந்தவர்கள், முன்பின் தெரியாத எனக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார்கள். இம்முறை பத்திரிகை வாங்கியவர்கள் முதற்பக்கத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். தீராத பல்வலிக்குப் பல்லைப் பிடுங்கிவிட்டு வந்தவரின் முகத்தில் இருக்கும் ஆறுதல்தான் அவர்கள் முகத்திலும் இருந்தது.

இதற்கு எண்களிலும் சான்று இருக்கிறது. 650 இடங்களில் 411ஐப் பிடித்த தொழிற்கட்சிக்குக் கிடைத்த வாக்குகள் 33.7 விழுக்காடுதான், 1997இல் அது 43 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. பதிவு செய்த வாக்காளர்களில் ஐந்து பேருக்கு இருவர் இம்முறை வாக்களிக்கவே போகவில்லை. தொழிற்கட்சித் தலைவராக நின்று பிரதமரான சேர் கியர் ஸ்ராமர் தேர்தல் முழுவதும் முன்வைத்தது 'மாற்றம்' என்ற ஒற்றைச் சொல்லை. அந்தச் சொல்லுக்குள் ஒவ்வொருவரும் தத்தமது தேவையை வைத்து வாக்களித்தார்கள் என்பதே, பலரிடமும் பேசியதில் நான் புரிந்துகொண்டது.

என் கடைக்கு நாள்தோறும் வரும் ஒருவருக்கு எழுபத்திரண்டு வயது. பெல்ஜியத்தின் ஒஸ்ரெண்ட் துறைமுகத்துக்கு இங்கிருந்து கப்பல் ஓடிய காலத்தில், வண்டிகளைக் கப்பலில் ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தவர். 2013இல் அந்தக் கப்பல் சேவை நின்றுபோனது. அதன் பிறகு துறைமுகத்தின் அந்தப் பக்கம் வெறிச்சோடிக் கிடக்கிறது. 2018 டிசம்பரில் அன்றைய அரசு, ஒரு கப்பல்கூடச் சொந்தமாக இல்லாத ஒரு நிறுவனத்துக்கு, இங்கிருந்து கப்பல் ஓட்டுவதற்காக 1.38 கோடி பவுண் பெறுமதியான ஒப்பந்தத்தைக் கொடுத்து, இரண்டு மாதங்களுக்குள் அதை ரத்துச் செய்தது. "அன்றைக்கே அவர்கள் மேலிருந்த நம்பிக்கை எனக்குப் போய்விட்டது. புதியவர்கள் அதிசயம் எதுவும் செய்ய வேண்டாம், சொன்னதைச் செய்தால் போதும்" என்று தேர்தலுக்கு முதல் நாள் என்னிடம் சொன்னார். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு தொழிற்கட்சிக்கு வாக்களிக்கப் போவதாகவும் சொன்னார்.

ஜூலை 29ஆம் திகதி நிதியமைச்சர் றேச்சல் றீவ்ஸ், பழைய அரசு 2,200 கோடி பவுண் பற்றாக்குறையை விட்டுச்சென்றதாக அறிவித்து, முதியோருக்கான குளிர்கால எரிபொருள் கொடுப்பனவை இனி ஓய்வூதிய உதவி போன்ற நலன்களைப் பெறுவோருக்கு மட்டுமே வழங்கப்போவதாகச் சொன்னார். எண்பது வயதுக்குக் குறைந்தவர் வீட்டுக்கு 200 பவுண், அதற்கு மேற்பட்டவர் வீட்டுக்கு 300 பவுண் என்று வந்துகொண்டிருந்த பணம், அந்த ஆண்டு ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு நின்றுபோனது. 2024இல் தனியாக வாழும் ஒருவரின் வார வருமானம் 218.15 பவுணுக்குக் குறைவாக இருந்தால்தான் அந்த ஓய்வூதிய உதவி பொதுவாகக் கிடைத்தது. என் வாடிக்கையாளர் பெற்றதோ முழு அரச ஓய்வூதியம்; அது அப்போது வாரத்துக்கு 221.20 பவுண். மூன்று பவுண் கூடிவிட்டதால் அவருக்கு 200 பவுண் இல்லாமல் போனது.

அவர் கோபப்படவில்லை என்பதுதான் என்னை மிகவும் வருத்தியது. அவர் வீட்டில் இருப்பது முன்பணம் ஏற்றும் மின்மானி. அதற்கான சாவியைக் கொண்டுவந்து என் இயந்திரத்தில் பத்துப் பவுண் ஏற்றச் சொல்வது வழக்கம். ஓகஸ்ட் முதல் வாரத்தில் ஐந்து பவுண் போதும் என்றார். கோடையில்கூடவா என்று கேட்டேன். "இப்போதே பழகிக்கொண்டால் ஜனவரியில் கஷ்டமாக இருக்காது" என்றார். பிறகு கதவுவரை போனவர் திரும்பி நின்று, இந்தக் கொடுப்பனவை 1997இல் கொண்டுவந்தவர்களே இவர்கள்தானே என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. செப்டம்பர் 10ஆம் திகதி நாடாளுமன்றம் 348க்கு 228 என்ற வாக்குகளில் அதை உறுதிசெய்தது. 2024 ஒக்ரோபர் முதலாம் திகதியிலிருந்து, வீடுகளின் மின்சார, எரிவாயுக் கட்டணத்துக்கான விலை உச்சவரம்பும் 10 விழுக்காடு ஏறியது.

பற்றாக்குறை பொய் என்று நான் சொல்ல வரவில்லை. நான்கு கடைகள் இருந்த எங்கள் தெருவில் இப்போது என் கடை மட்டுமே இருக்கிறது. நாட்டின் கணக்குப் புத்தகம் எந்த நிலையில் இருக்கும் என்பதை அதிலிருந்தே ஊகிக்க முடியும். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் முதல் வெட்டை எங்கே வைப்பது என்பதில்தான் ஓர் அரசின் மனம் தெரிகிறது. இந்த அரசு நன்றாக நடக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

லெஸ்டரிலிருந்து, செவிலியர்:

அண்ணா, உங்கள் பதிவைப் படித்ததும் என் அனுபவத்தையும் எழுதத் தோன்றியது. நான் கும்பகோணத்திலிருந்து இங்கு வந்து மூன்று ஆண்டுகள்தான் ஆகின்றன. இந்தியா காமன்வெல்த் நாடு என்பதால், குடியுரிமை இல்லாமல் விசாவில் இருக்கும் எனக்கும் இந்தப் பொதுத்தேர்தலில் வாக்கு இருந்தது. என்னோடு ஒரே வார்டில் வேலை செய்யும் போலந்து நாட்டுத் தோழி பதினாறு ஆண்டுகளாக இங்கே வரி கட்டுகிறார். அவருக்கு உள்ளாட்சித் தேர்தலில் வாக்கு உண்டு, இதில் இல்லை. "எனக்கும் சேர்த்து யோசித்துப் போடு" என்று அவர் சொல்லி அனுப்பியதால், ஊரில் வாக்களித்தபோது இல்லாத ஒரு பாரத்தோடு வாக்குச்சாவடிக்குப் போனேன். விரலில் மை இல்லை, இயந்திரம் இல்லை. தேவாலயக் கூடத்தில் நூலில் கட்டிய பென்சில் ஒன்றுதான் இருந்தது.

நாடு முழுவதும் வென்ற தொழிலாளர் கட்சி எங்கள் நகரின் மூன்று தொகுதிகளில் இரண்டை இழந்தது. லெஸ்டர் தெற்கில், அமைச்சராவார் என்று எல்லோரும் எதிர்பார்த்த ஜோனதன் ஆஷ்வொர்த், காசாவை முன்வைத்துப் போட்டியிட்ட சுயேச்சை வேட்பாளரிடம் 979 வாக்குகளில் தோற்றார். லெஸ்டர் கிழக்கை, அதுவரை நாட்டை ஆண்ட கன்சர்வேட்டிவ் கட்சி (பழமைவாதக் கட்சி) கைப்பற்றியது. அந்தக் கட்சி இந்தத் தேர்தலில் புதிதாகப் பிடித்த ஒரே தொகுதி அதுதான். ஆகவே இங்கே நம்பிக்கையைப் பற்றிப் பேசும்போது, யாருடைய நம்பிக்கை என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எங்கள் வார்டில் நடந்ததைச் சொல்கிறேன். இடுப்பு மூட்டு அறுவைச் சிகிச்சைக்குப் பதினான்கு மாதங்கள் காத்திருந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை ஆகஸ்டில் அனுமதிக்கப்பட்டார். அவருக்கு முந்தைய தேதி ஜூன் கடைசியில் குறிக்கப்பட்டிருந்தது. தேர்தலுக்கு முந்தைய வாரம் இளநிலை மருத்துவர்கள் ஐந்து நாள் வேலைநிறுத்தம் செய்ததால் அது தள்ளிப்போனது. அவர் மருத்துவர்களின் மேல் குறைபட்டுக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ, "அந்தப் பிள்ளைகளுக்குச் சரியான சம்பளம் கொடுக்காமல் என்னைக் குணப்படுத்தச் சொல்வது எப்படி நியாயமாகும்?" என்று கேட்டார். புதிய அரசு வந்த சில வாரங்களுக்குள் இரண்டு ஆண்டுகளுக்கு 22.3 சதவீத உயர்வு பேசி முடிக்கப்பட்டு, 2024 செப்டம்பரில் வாக்களித்த மருத்துவர்களில் 66 சதவீதம் பேர் அதை ஏற்றார்கள். அந்தப் போராட்டம் தொடங்கி அப்போது ஒன்றரை ஆண்டுகள் ஆகியிருந்தன என்பதை நினைத்தால் இது சிறிய காரியமில்லை, மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் செவிலியர்களுக்கு வந்தது 5.5 சதவீதம். எங்கள் சங்க உறுப்பினர்களில் வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அதை நிராகரித்தார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. சிகிச்சைக்காகக் காத்திருப்போர் பட்டியல் அப்போது 76 லட்சத்தில் நின்றது. அதைக் குறைக்க மாலை நேரங்களிலும் வார இறுதிகளிலும் வாரத்துக்கு 40,000 கூடுதல் சந்திப்புகள் என்பது இந்த அரசின் தேர்தல் வாக்குறுதி. அந்தச் சனிக்கிழமைகளில் வேலைக்கு வரப்போகிறவர்கள் நாங்கள்தான். என் பெண்ணுக்கு ஆறு வயது. சனிக்கிழமைதான் நானும் அவளும் சேர்ந்திருக்கும் நாள். அதைக் கொடுக்க நான் தயங்கவில்லை, கொடுப்பதற்கு உரிய மதிப்பைத்தான் கேட்கிறேன். வார்டை விட்டுப் போகும் அன்று அந்த ஆசிரியை, "உங்கள் வாக்கு வீணாகாது என்று நம்புகிறேன்" என்றார். நான் யாருக்கு வாக்களித்தேன் என்று அவர் கேட்கவில்லை.

சண்டர்லாந்திலிருந்து, ஆய்வு மாணவர்:

தேர்தல் இரவில் நாட்டிலேயே முதல் முடிவு எங்கள் பக்கத்துத் தொகுதியான ஹௌட்டன்–சண்டர்லாந்து சவுத்திலிருந்து பதினொன்றே கால் மணிக்கு வந்தது. தொழிலாளர் கட்சி எளிதாக வென்றது; ஆனால் இரண்டாம் இடத்தில், குடியேற்றத்தை எதிர்க்கும் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சி நின்றதைப் பார்த்ததும், எங்கள் அறையில் இருந்த யாரும் கைதட்டவில்லை. நான்கு வாரங்கள் கழித்து, சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து பரவிய பொய்ச் செய்திகளால் குடியேறியவர்களுக்கு எதிராகக் கலவரம் மூண்டது. ஆகஸ்ட் 2ஆம் தேதி வெள்ளிக்கிழமை அது எங்கள் நகருக்கும் வந்தது. நகர மையத்தில் காவல் அலுவலகத்தை ஒட்டி, ஏழைகளுக்கு இலவச ஆலோசனை தரும் கட்டடத்தை எரித்தார்கள்.

மறுநாள் காலை என் கதவைத் தட்டியவர், எதிர்வீட்டில் இருக்கும் அறுபது வயதுப் பெண்மணி. கடைக்குப் போக வேண்டுமானால் தானும் கூட வருவதாகச் சொன்னார். போகும் வழியில், தான் ரிஃபார்முக்கு வாக்களித்ததாக அவரே சொன்னார். "வேலை போனது, பேருந்து போனது, யாரும் எங்களை எட்டிப் பார்க்கவில்லை, அதற்காகத்தான் போட்டேன், இதற்காக இல்லை" என்று கருகிய சுவரைக் காட்டினார். அதற்கு முன்பே துடைப்பங்களோடு வந்து தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்தவர்களோடு நாங்களும் சேர்ந்துகொண்டோம்.

ஸ்டார்மர் முன்பு அரசு வழக்குத் தொடுப்புத் துறையின் தலைவராக இருந்து 2011 கலவர வழக்குகளைக் கையாண்டவர். கலவரக்காரர்களுக்குச் சில நாட்களிலேயே தண்டனை கிடைத்ததில் அந்த அனுபவம் தெரிந்தது, எங்களுக்குத் தூக்கமும் திரும்பியது. அந்தப் பெண்மணியின் பேருந்துக்கு என்ன வழி என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை. அவர் அடுத்த தேர்தலில் எந்தப் பக்கம் நிற்பார் என்பது அதைப் பொறுத்தது என்று நான் நினைக்கிறேன்.

மீண்டும் ராம்ஸ்கேற்றிலிருந்து:

இருவரும் எழுதியதைக் கடையில் வைத்தே படித்தேன். தங்கையின் சனிக்கிழமை பற்றிய வரிகளை என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். 2024 செப்டம்பர் இறுதியில் லிவர்பூலில் நடந்த தொழிற்கட்சி மாநாட்டில், எரிபொருள் கொடுப்பனவு வெட்டைத் திரும்பப் பெறவேண்டும் என்ற தீர்மானம் கட்சியினரின் வாக்குகளாலேயே நிறைவேறியது. அரசை அது கட்டுப்படுத்தாது. ஆயினும் பத்திரிகையில் அந்தச் செய்தியைப் படித்த கப்பல்காரர், "கேட்கும் காது ஒன்றாவது உள்ளே இருக்கிறது போலும்" என்றார்.

அவரைப் போலில்லாமல், ஓய்வூதிய உதவிக்குத் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காத குடும்பங்கள் 8,80,000 வரை இருக்கலாம் என்று 2024இல் அரசே சொன்னது. என் கடைக்கு வரும் எண்பத்துநான்கு வயது மூதாட்டி ஒருவர் அவர்களில் ஒருவர் என்பது சென்ற வாரம்தான் தெரியவந்தது. கணவர் இறந்த பிறகு யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லை என்றார். பல்கலைக்கழகத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் மகள், கடையின் பின்னறையில் அவரை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, இருநூறுக்கும் மேற்பட்ட கேள்விகளைக் கொண்ட அந்த விண்ணப்பத்தை இரண்டு பிற்பகல்களில் நிரப்பி அனுப்பினாள். 2024 டிசம்பர் 21ஆம் திகதிக்குள் விண்ணப்பித்தால் அந்தக் குளிர்காலத்துக்கான பணம் கிடைக்க வாய்ப்பு இருந்தது. உங்கள் தெருவில் அப்படி யாராவது இருந்தால் தயவுசெய்து கேட்டுப் பாருங்கள்.

பதில் கடிதம் அவர் வீட்டு முகவரிக்குத்தான் வரும். ஆனாலும் ஒவ்வொரு காலையும் பால் வாங்க வரும்போது, ஏதாவது வந்ததா என்று என்னிடம் கேட்கிறார். நாளைக்கு வரும் அம்மா என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். வந்ததும் இங்கே எழுதுகிறேன்.