பேஸ்பால்: பிட்சர் ஷெர்சரை அனுப்பியதில் மெட்ஸ் அணியின் பேரோல் (மொத்தச் சம்பளம்) இறங்கியதா?

வெளிக்களத்தான்:
பக்கத்து இழையில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "2023 ஜூலைக் கடைசியில் ஷெர்சரையும் அடுத்து வெர்லாண்டரையும் தள்ளிவிட்டு மெட்ஸ் தன் பேரோலை இறக்கிக்கொண்டது." படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. ஷெர்சரை டெக்சஸ் அணிக்கு அனுப்பும்போது கூடவே சுமார் 3.5 கோடி டாலரையும் மெட்ஸ் கொடுத்தனுப்பியது. ஆளும் போனார், பணமும் போனது. எது இறங்கியது?

நாலாம் பேஸ்:
எழுதியது நான்தான். பேரைச் சொல்லியே கேட்கலாம், பயமில்லை. ஷெர்சருக்கு ஆண்டுக்கு 4.33 கோடி, ஒப்பந்தம் 2024 வரை. அன்றைய தேதிக்குப் பாக்கி ஏறக்குறைய 5.8 கோடி. அதில் 3.5 போக மீதி டெக்சஸ் தலையில். கழித்தல் கணக்கு தெரிந்தால் போதும்.

வெளிக்களத்தான்:
அந்த 3.5 கோடி யார் கணக்கில் ஏறியது? கேட்டது அதுதான். லக்ஷரி டாக்ஸ் (சம்பளம் வரம்பைத் தாண்டினால் அணி கட்டும் வரி) விதிப்படி டிரேடில் (வீரர் மாற்றத்தில்) கொடுக்கும் பணம் கொடுத்த அணியின் கணக்கில்தான் ஏறும். அந்த வருடம் மெட்ஸ் தொடர்ந்து இரண்டாம் முறையாக வரம்பு தாண்டிய அணி. 29.3 கோடி என்ற கடைசிப் படிக்கு மேல் போன ஒவ்வொரு டாலருக்கும் 90 சென்ட் வரி. கடைசியில் 10 கோடி டாலருக்கு மேல் வரி கட்டினார்கள். சுமையை இறக்கியவன் கட்டுகிற வரியா இது?

ஷார்ட்ஸ்டாப் செல்வி:
இரண்டு பேரும் எந்தப் பேரோலைச் சொல்கிறீர்கள்? ஏப்ரலில் பத்திரிகையில் வருவது சீசன் முதல் நாள் ரோஸ்டரில் (ஆடும் பட்டியலில்) இருக்கும் 26 பேர், காயப்பட்டோர் பட்டியலில் இருப்பவர்கள் ஆகியோரின் சம்பளம். வரிக்கு எடுப்பது 40 பேர் பட்டியல்; ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரி, கூடவே காப்பீடு மாதிரியான செலவுகள். அதை சீசன் முடிந்த பிறகுதான் முடிவு செய்வார்கள்.

வெளிக்களத்தான்:
அதெல்லாம் இருக்கட்டும் செல்வி. 3.5 கோடி யார் கணக்கில்?

நாலாம் பேஸ்:
ஏப்ரலில் 35 கோடி பேரோல் என்று எழுதினார்கள். வரிக் கணக்கு 37 கோடிக்கு மேல் முடிந்தது. அப்படியானால் இரண்டு பெரிய தலைகளை விற்ற பிறகு பேரோல் ஏறியது என்கிறீர்களா? சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும்.

ஷார்ட்ஸ்டாப் செல்வி:
35-ம் 37-ம் வேறு வேறு கணக்கு என்று இப்போதுதானே எழுதினேன்!

பழைய பிட்சர்:
சீசன் நடுவில் பேரோல் சாதாரணமாகவே ஏறத்தான் செய்யும். காயப்பட்டவருக்கு முழுச் சம்பளம் தொடரும். அவர் இடத்துக்கு கீழ்நிலை மைனர் லீகிலிருந்து வருகிறவருக்கு நாள் கணக்கில் குறைந்தபட்சச் சம்பளம். 2023-ல் அது ஆண்டுக்கு 7.2 லட்சம் டாலர். உண்மையான இறக்கம் பார்க்க வேண்டுமென்றால் அதே வருடம் ஏஞ்சல்ஸ் அணியைப் பாருங்கள். ஆகஸ்ட் கடைசியில் ஜியோலிட்டோ, லோபஸ், மூர், ரென்ஃப்ரோ என்று ஒரு கூட்டத்தையே வைவர்ஸில் (வேறு அணி எடுத்துக்கொள்ளட்டும் என்று) விட்டார்கள். முதல் மூவரை கிளீவ்லண்ட் எடுத்தது, ரென்ஃப்ரோவை சின்சினாட்டி. பாக்கிச் சம்பளம் எடுத்த அணியோடு போயிற்று. வரி தொடங்கும் 23.3 கோடி வரம்புக்குக் கீழே மயிரிழையில் வந்து நின்றார்கள்.

வெளிக்களத்தான்:
நன்றி அண்ணா, இதைத்தான் சொல்கிறேன். ஏஞ்சல்ஸ் கூடவே பணம் கொடுக்கவில்லை. மெட்ஸ் கொடுத்தது. 3.5 கோடி!

நாலாம் பேஸ்:
ஏஞ்சல்ஸ் ரசிகர் வந்துவிட்டாரா! ஜூலையில் ஜியோலிட்டோவையும் லோபஸையும் வாங்க நல்ல இளம் வீரர்களைக் கொடுத்துவிட்டு, ஒரு மாதத்தில் இருவரையும் சும்மா விட்ட அணியை உதாரணம் காட்டாதீர்கள். மெட்ஸ் அந்தப் பணத்துக்கு டெக்சஸின் இளம் வீரர் லூயிஸ்ஆங்கெல் அகுன்யாவை வாங்கியது.

பழைய பிட்சர்:
நான் எந்த அணிக்கும் ரசிகன் இல்லை, முன்னேயே சொல்லியிருக்கிறேன். வரம்புக்குக் கீழே இறங்கியதால்தான் நட்சத்திர வீரர் ஓட்டானி டாட்ஜர்ஸ் அணிக்குப் போனபோது அவர்களுக்கு டிராஃப்டில் (புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில்) இரண்டாம் சுற்று முடிந்ததும் ஒரு இடம் கிடைத்தது. இல்லாவிட்டால் நாலாம் சுற்றுக்குப் பிறகுதான்.

வெளிக்களத்தான்:
அகுன்யாவை வாங்கியதாக நீங்களே எழுதிவிட்டீர்கள், நாலாம் பேஸ். பணம் கொடுத்து வாங்கினால் அது செலவு. மாதம் முழுக்க உங்களோடு இதே பாடுதான். போன இழையிலும் டாட்ஜர்ஸ் ஓட்டானிக்கு ஆண்டுக்கு 20 லட்சம்தான் கொடுக்கிறது, பேரோலில் அவர் ஒன்றுமே இல்லை என்று சாதித்தீர்கள்.

நாலாம் பேஸ்:
கையில் கொடுப்பது 20 லட்சம்தான். 70 கோடியில் 68 கோடி தள்ளிவைத்த பணம். பொய்யா?

ஷார்ட்ஸ்டாப் செல்வி:
வரிக் கணக்கில் அவருக்கு ஆண்டுக்கு சுமார் 4.6 கோடி ஏறுகிறது. மறுபடியும் இரண்டு கணக்கையும் கலக்குகிறீர்கள்.

நாலாம் பேஸ்:
செல்வி, நீங்கள் அவர் பக்கம் என்று நேரடியாகவே சொல்லிவிடுங்கள். ஓட்டானிக்குத் தனி இழை திறக்கிறேன், அங்கே வாருங்கள்.

வெளிக்களத்தான்:
எந்த இழையில் திறந்தாலும் வருகிறேன். வெர்லாண்டரோடு ஹூஸ்டனுக்குப் போன பணத்தை இன்னும் நான் தொடவே இல்லை.