பாயிண்ட், பழைய செட், திறந்த மூலம்: உங்களை இன்னும் உறுத்துகிற அனுபவம் எது?

தங்கச்சிமடம் சர்வீஸ் எழுதியது:

படகு முதலாளியான சம்மாட்டி மாமா ஒருவர் பழைய ஜிபிஎஸ் செட்டை மஞ்சப்பையில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். நாலு முள் வட்ட சாக்கெட் உள்ள அந்த மாடல்தான். விசைப்படகு வைத்திருந்த வீடுகளில் பரணில் ஒன்று கண்டிப்பாகக் கிடக்கும். திரையில் பாதி வரி தெரியவில்லை. செட் போனால் போகட்டும், உள்ளே இருக்கும் பாயிண்ட், அதாவது குறித்து வைத்த இடங்கள் எல்லாம் வேண்டும் என்றார். கடலடிப் பாறையான பார், கல், வலை கிழிகிற இடம், மூழ்கிக் கிடக்கும் போட்டு, அவர் அப்பா கரையில் தெரிகிற கோபுரத்தையும் பனையையும் குறி வைத்துப் பிடித்த இடங்கள், எல்லாம் அதில் இருந்தன. பெயருக்கு ஆறு எழுத்துதான் இடம். அதனால் ஒவ்வொன்றும் அவருக்கு மட்டும் புரிகிற சுருக்கம்.

வேலை பெரிதில்லை. கடை லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதில் திறந்த மூல லினக்ஸ் மின்ட். செட்டை லேப்டாப்போடு இணைக்கும் யூஎஸ்பி சீரியல் கன்வர்ட்டரில் இருந்தது டூப்ளிகேட் பிஎல்2303 சிப். விண்டோஸின் புது டிரைவர் அந்த மாதிரி சிப்பைக் கண்டால் வேலை செய்யாது, லினக்ஸ் கெர்னல் அதையெல்லாம் கேட்பதில்லை. செட்டிலிருந்து பாயிண்ட்டை இறக்குகிற ஜிபிஎஸ்பேபல் மென்பொருளை ஓட்டினேன், எல்லாப் பாயிண்ட்டும் ஒரு ஜிபிஎக்ஸ் ஃபைலாக வந்துவிட்டது. சரியாக வந்திருக்கிறதா என்று ஓபன்சிபிஎன் என்ற கடல் வரைபட மென்பொருளில் திறந்து காட்டினேன். கச்சத்தீவுக்கு இந்தப் பக்கம் திரை முழுக்கப் புள்ளிகள். மாமா எழுந்து போய்க் கடை ஷட்டரைப் பாதி இறக்கினார்.

புது செட்டுக்கு மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தேன். அப்புறம், "இதில இருக்கிறதை அழிச்சிரு" என்றார். அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். "போச்சா?" என்றார். பொய் சொல்ல மனசு வரவில்லை. ஃபைலின் பெயர்தான் போயிருக்கிறது, அந்த இடத்தின் மேல் வேறு எதையாவது எழுதுகிற வரை சரக்கு உள்ளேதான் இருக்கும், போட்டோரெக் மாதிரி மீட்பு மென்பொருள் ஒன்றை ஓட்டினால் தோண்டி எடுத்துவிடலாம் என்றேன். மேலே குப்பையை எழுதி அழிக்கிற 'ஷ்ரெட்' கட்டளை இருக்கிறது என்றும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எழுதினது நீ, அழிக்கிறதும் நீ, போச்சுன்னு சொல்றதும் நீ. அந்த டிஸ்க் என்ன விலை மாப்ளே?" என்றார். பணத்தை மேசையில் எண்ணி வைத்து, கூடவே நின்று ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றச் சொல்லி, செட்டோடு சேர்த்து மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பணம் வாங்கியது உறுத்தவில்லை. சோர்ஸ் கோடு திறந்து கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அதனால் நம்பலாம் என்று வருகிற கஸ்டமரிடமெல்லாம் பெருமையாகச் சொல்கிற ஆள் நான். அவருக்கு அதை யார் பார்த்துச் சொல்வது?

இந்த மாதிரி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

தொண்டி டெர்மினல் எழுதியது:

டிஸ்க்கைக் கழற்றிக் கொடுத்தது தேவையில்லாத வேலை. முதலிலேயே டிஸ்க்கைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே ஓடுகிற லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து, ஃபைலை ரேமில் மட்டும் வைத்திருந்தால் மெஷினை அணைத்ததும் கதை முடிந்தது. அவர் கண் முன்னாலேயே பவரைப் பிடுங்கிக் காட்டியிருக்கலாம்.

ஷ்ரெட் பற்றியும் ஒன்று. டிஸ்க் சிப்பில் சேமிக்கிற எஸ்எஸ்டியாக இருந்தால் அதை நம்பாதீர்கள். தேய்மானத்தைப் பரவலாக்க அது ஒவ்வொரு முறையும் வேறு வேறு செல்லில் எழுதும். நீங்கள் மேலெழுதியதாக நினைக்கும் இடம் பழைய இடமாகவே இருக்காது. மாற்றங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளும் ஜர்னல் வைக்கிற ஃபைல் சிஸ்டம் சிலவற்றில் பலன் குறைவு என்று ஷ்ரெட்டின் கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது. அடுத்தது ஓபன்சிபிஎன். இம்போர்ட் செய்த பாயிண்ட்டுகளை அது தன் ஃபோல்டரில் தனியாகச் சேமிக்கும், முந்தைய காப்பிகளும் அங்கேயே கிடக்கும். அதை யாருமே அழிப்பதில்லை. ரேமில் இருப்பதை டிஸ்க்கில் இறக்கி வைக்கிற ஸ்வாப் வேறு இருக்கிறது. கஸ்டமர் சரக்கைத் தொடுகிற கடை என்றால் டிஸ்க் முழுவதையும் லக்ஸ் என்ற மறையாக்கம் போட்டுப் பூட்டி வையுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் பூட்டிய ஒரு தனிக் கொள்கலன் ஃபைல், வேலை முடிந்ததும் சாவியை மட்டும் அழித்தால் போதும், உள்ளே இருப்பது வெறும் இரைச்சல்தான். விண்டோஸ் கடைக்காரர்கள் வெராகிரிப்ட்டில் இதையே செய்யலாம். சாவியின் நகலைக் கடையிலேயே வைக்காதீர்கள். கடவுச்சொல்லை மானிட்டர் ஓரத்தில் ஒட்டாதீர்கள்.

என் அனுபவம் என்றால், மச்சான் தன் பாயிண்ட் பட்டியலைப் போனில் படம் எடுத்தார். அது தானாக மேகத்தில் ஏறி வீட்டு டேப்லெட்டில் வந்து உட்கார்ந்தது. பார்த்தது அவருடைய பங்காளி. இப்போது இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

தங்கச்சிமடம் சர்வீஸ் எழுதியது:

ஓபன்சிபிஎன் ஃபோல்டரை அழிக்கவில்லைதான். டிஸ்க்கே போய்விட்டதே, அண்ணே.

கீழக்கரை 1024 எழுதியது:

ஜிபிஎஸ் செட் என்றதும் எனக்கு 2019 ஏப்ரல் 7 காலைதான் ஞாபகம் வருகிறது. நாட்டுப்படகு வைத்திருக்கும் வாப்பாவின் கூட்டாளி ஆள் அனுப்பியிருந்தார், "காக்காவை வரச் சொல்லு, செட்டு கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்று. காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன், என்னைத்தான். போய்ப் பார்த்தால் தேதி 22-08-99.

இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். ஜிபிஎஸ் சிக்னலில் வார எண்ணுக்கு 10 பிட்தான். 0 முதல் 1023 வரை எண்ணி, மறுபடி பூஜ்யம். 1980 ஜனவரி 6-ல் தொடங்கியது, 1999 ஆகஸ்டில் ஒரு தடவை சுற்றியது, 2019 ஏப்ரலில் இரண்டாவது தடவை. நம் நேரத்துக்கு அது விடிகாலை ஐந்தரை. பழைய செட்டுகளில் சில இருபது வருஷம் பின்னால் போயின. இடத்தில் தப்பு வராது, ஏனென்றால் தூரக் கணக்குக்கு வேண்டியது வாரத்துக்குள் எத்தனையாவது விநாடி என்பதுதான். என் போனையும் அந்த செட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன், இரண்டும் 9 டிகிரி 13 நிமிடம் என்றுதான் சொல்லின.

பெரியவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னைக்கு என்ன நாளுன்னே தெரியாதவன் வழி சொன்னா நீ போவியா தம்பி?"

செட்டைக் கரையில் என் கையில் கொடுத்துவிட்டு, திசைகாட்டியோடு போய்விட்டார். பையன்கள் சிரித்தார்கள். எனக்கு இன்றுவரை அதற்குப் பதில் கிடைக்கவில்லை. விநாடிக் கணக்கைச் சொன்னால் அது எனக்குத்தான் பதில்.

அதே மாதிரி செட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், சூரியன் நிலா காட்டும் பக்கத்தை மட்டும் நம்பாதீர்கள். அது தேதியை வைத்துக் கணக்குப் போடுவது. அடுத்த சுற்று 2038 நவம்பர். அதே வருஷம் ஜனவரி 19-ல் 32 பிட் யூனிக்ஸ் நேரமும் நிரம்புகிறது, ஆக பழைய மெஷின்களுக்கு அந்த வருஷம் ஏழரைதான்.

மண்டபம் டீச்சர் எழுதியது:

அழித்தால் போகுமா என்று முதல் பதிவில் கேட்டதால் எழுதுகிறேன்.

எங்கள் பள்ளியில் அரசு கொடுத்த பழைய விலையில்லா லேப்டாப்கள் சில மூலையில் கிடந்தன. விண்டோஸும் அரசின் பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்த காலத்து மாடல். எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டு, பிள்ளைகளுக்கு, யார் வேண்டுமானாலும் வரையக்கூடிய இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப் சொல்லிக்கொடுத்தேன். தங்கள் தெரு, குடிதண்ணீர்க் குழாய், ஓலைப்பந்தல் எல்லாம் வரைந்தார்கள். ஒரு பிள்ளையின் அம்மா பாசி எடுக்கப் போகிறவர். அந்தப் பிள்ளை அம்மாவிடம் கேட்டுக் கேட்டு, தீவுப் பக்கம் மரிக்கொழுந்துப் பாசி கிடைக்கிற இடங்களைப் பெயரோடு வரைந்துவிட்டது. கடல் வரைபடத்தில் எங்குமே பார்த்திராத பெயர்கள். நான் பூரித்துப் போனேன்.

மறுவாரம் அந்த அம்மா வந்தார். ஈரத்தலை, நெற்றியில் முக்குளிக்கும் கண்ணாடி அழுத்திய தடம் அப்படியே இருந்தது. "டீச்சர், இதை யாரெல்லாம் பார்ப்பாங்க?"

உலகத்தில் எல்லாரும் என்று பெருமையாகத்தான் சொல்ல வந்தேன், பாதியிலேயே நிறுத்திக்கொண்டேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லிருந்து தேசியப் பூங்கா. அங்கே போய்வருவதே அவர்களுக்குத் தினப் பிரச்சனை என்பது இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும். பிள்ளையோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீக்கினோம். ஆனால் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் நீக்கியதும் வரலாற்றில் நிற்கும். யார் போட்டார், யார் எடுத்தார், எந்த இடம், எல்லாம். அதையும் அந்த அம்மாவிடம் சொன்னேன். "சரி டீச்சர்" என்று மட்டும் சொன்னார். அந்தச் சரியைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

தொண்டி டெர்மினல் எழுதியது:

டீச்சர், மன்னிக்கணும், நான் உடன்படவில்லை. அந்தப் பெயர்கள் வரைபடத்தில் இருப்பதுதான் அவர்களுக்குப் பலம். பரம்பரையாக இங்கே தொழில் செய்கிறோம் என்பதற்கு அதைவிட என்ன சாட்சி? எழுதி வைக்காத உரிமை நாளைக்கு நிற்காது. பாயிண்ட் விஷயமும் அப்படித்தான். கல் கிடக்கிற இடத்தை எல்லாரும் பகிர்ந்தால் எத்தனை வலை மிஞ்சும்! திறந்த மூலம் என்று பேசிவிட்டு ஷட்டரை இறக்குவது என்ன நியாயம்?

மண்டபம் டீச்சர் எழுதியது:

சாட்சி வேண்டுமா என்று அவர்களிடம் கேட்டுத்தானே போட வேண்டும், சார்? உங்கள் மச்சானின் பட்டியலைப் பங்காளி பார்த்தபோது வலை மிஞ்சியதா?

கீழக்கரை 1024 எழுதியது:

டீச்சர் அடித்தது சிக்ஸர்.

கல் கிடக்கிற இடம் வேறு, மீன் கிடக்கிற இடம் வேறு. முதலாவதைப் பகிரச் சொன்னால் பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள். செட்டில் இரண்டும் ஒரே பட்டியலில் கிடப்பதுதான் சிக்கல். ஜிபிஎக்ஸ் ஃபைலில் ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் வகைக்குறி வைக்கலாம், பழைய செட் ஆசாமிகள் யாரும் வைப்பதில்லை.

உச்சிப்புளி ஆன்டெனா எழுதியது:

சண்டை நடுவில் நான் வேறு கதை சொல்கிறேன்.

ஆர்டிஎல் எஸ்டிஆர் டாங்கிள். டிவி பார்க்கச் செய்த மலிவான யூஎஸ்பி குச்சி. அந்தச் சிப்பில் ரேடியோ அலையைப் பச்சையாக எடுக்கலாம் என்று 2012 வாக்கில் தெரிந்ததும் உலகமே அதன் பின்னால் போனது. 53 சென்டிமீட்டர் அலுமினியக் கம்பி இரண்டை 120 டிகிரி விரித்து மொட்டை மாடியில் வைத்தால் அப்போதெல்லாம் 137 மெகாஹெர்ட்ஸில் அமெரிக்காவின் நோவா வானிலைச் சாட்டிலைட் படம் வந்து இறங்கும். உப்புக்காற்றில் கேபிள் முனை பச்சை பூத்துவிடும், மழைக்கு முன்னால் சுரண்டிவிட வேண்டும்.

2020 டிசம்பர், புரெவி புயல். இலங்கையைக் கடந்து வந்து பாம்பன் பக்கம் நகராமல் உட்கார்ந்துகொண்டதே, அந்த நாள். கரண்ட் இல்லை, டவர் இல்லை. லேப்டாப் பேட்டரியில் நோவா-19-ஐப் பிடித்தேன். விநாடிக்கு இரண்டு வரி, டிக் டிக் என்று சத்தம், மேலிருந்து ஒவ்வொரு வரியாக மேகம் இறங்குகிறது. எங்கள் தலைக்கு மேலேயே கிடக்கிறது அது. அப்பா அரிக்கேனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார், "இதுக்கு மாசம் எவ்வளவு கட்டுறே?"

ஒன்றும் கட்டவில்லை, சாட்டிலைட் பூட்டுப் போடாமல் அனுப்புகிறது, கம்பி வைத்திருக்கும் யாரும் எடுக்கலாம் என்றேன்.

"சும்மா யாருடா குடுப்பா?"

நோவா-15, 18, 19 மூன்றையும் 2025-ல் நிறுத்திவிட்டார்கள். வயசான சாட்டிலைட்டுகள், 15-ஐ ஏவியதே 1998-ல். செய்தியை அப்பாவிடம் சொன்னேன். "பார்த்தியா, நிறுத்திட்டான்ல" என்றார், என்னமோ ஐந்து வருஷமாக அதற்குத்தான் காத்திருந்த மாதிரி. ரஷ்யாவின் மெட்டியோர் சாட்டிலைட் இன்னும் 137.9-ல் வருகிறது, சாட்டம்ப் மென்பொருளில் படம் நோவாவைவிடத் தெளிவாகவே இருக்கிறது. அதை அவரிடம் காட்டவில்லை.

தொண்டி டெர்மினல் எழுதியது:

மெட்டியோருக்கு டாங்கிளின் கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, ஆட்டோவில் வைக்காதீர்கள். கையால் வையுங்கள், ஆன்டெனா பக்கத்தில் ஒரு ஃபில்டரும் போடுங்கள். இல்லாவிட்டால் எஃப்எம் ஸ்டேஷன் உள்ளே புகுந்துவிடும். உங்கள் பக்கம் இலங்கை எஃப்எம்மும் சேர்ந்து அடிக்கும்.

சாயல்குடி எழுதியது:

எல்லாம் சரி, எங்க பெரியப்பா செட்டும் அதே நாலு முள் சாக்கெட்தான். கேபிள் எங்கே கிடைக்கும்? ராமநாதபுரத்தில் கேட்ட கடையில் எல்லாம் சிரிக்கிறார்கள்.

தங்கச்சிமடம் சர்வீஸ் எழுதியது:

கடையில் கிடைக்காது. ஆன்லைனில் பிளக் மட்டும் தனியாக வரும், கம்பியை நாமே பற்ற வைக்க வேண்டும். தரவு போக, தரவு வர, கிரவுண்ட், இந்த மூன்று போதும். நாலாவது முள் வெளிப் பவருக்கு, அதில் கன்வர்ட்டரைச் சேர்த்துவிடாதீர்கள், செட்டுக்குப் பேட்டரி போட்டுக்கொள்ளுங்கள். டிடிஎல் கன்வர்ட்டர் வேண்டாம், ஆர்எஸ்232 என்று பார்த்து வாங்குங்கள். செட்டின் மெனுவில் இன்டர்ஃபேஸ் என்எம்இஏ என்று இருந்தால் பாயிண்ட் இறங்காது, கம்பெனியின் சொந்த நெறிமுறைக்கு மாற்றிவிட்டு ஜிபிஎஸ்பேபலை ஓட்டுங்கள். போர்ட் அனுமதி இல்லை என்று வந்தால் உங்கள் பயனரை 'டயல்அவுட்' குழுவில் சேருங்கள்.

முடியாவிட்டால் செட்டோடு வாருங்கள். பெரியப்பாவையும் கூட்டி வாருங்கள். இப்போது கடையில் பழைய டிஸ்க் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், விலை குறைவு.