வின்டோஸ் 11க்கு மாத்தின பிறகு பில் பிரிண்டர் கேபிள் வேலை செய்யேல்லை

வெள்ளவத்தைக்_கடை:
பலசரக்குக் கடையில பில் அடிக்கிற பழைய தேர்மல் பிரிண்டர். பின்னால சீரியல் சொக்கெட் மட்டும்தான், அதால யூஎஸ்பி சீரியல் கேபிள் ஒண்டு போட்டிருக்கு. 2025 ஒக்டோபர் 14ஓட வின்டோஸ் 10க்கு ஆதரவு முடிஞ்சதால 11க்கு மாத்தினம். இப்ப டிவைஸ் மனேஜரில மஞ்சள் முக்கோணத்தோட "பிஎல்2303எச்எக்ஸ்ஏ ஃபேஸ்ட் அவுட் சின்ஸ் 2012, ப்ளீஸ் கொன்டாக்ட் யுவர் சப்ளையர்" (இந்தச் சிப் 2012ஓட கைவிடப்பட்டது, வித்தவரைக் கேளுங்கோ) எண்டு நிக்குது. ட்ரைவரை அழிச்சு ரெண்டு தரம் போட்டும் அதேதான். பிரிண்டர் பழுதோ, கேபிள் பழுதோ?

ஈயப்பற்று:
ரெண்டுமே பழுதா இருக்கத் தேவையில்லை அண்ணை. கேபிளின்ர தலைக்குள்ள இருக்கிறது ப்ரொலிஃபிக் எண்ட கொம்பனியின்ர சிப்பில பழைய வகை. அதைப் பார்த்துச் செய்த போலிச் சிப்புகள் சந்தையில நிறைஞ்சதால, புது ட்ரைவர் சிப்பை அடையாளம் பார்த்து இந்த வகையை முழுசா மறுக்குது. முந்தின பதிப்புகளில இதே மறுப்பு கோட் 10 எண்ட பிழை இலக்கமா வரும். நீங்கள் திரும்பத் திரும்பப் போடுறதும் அந்தப் புது ட்ரைவரைத்தான்.

தேவையானது அந்த ட்ரைவரின்ர 2008ஆம் ஆண்டு 3.3.2.102 பதிப்பு. அதை இன்ஸ்டோல் செய்து, கேபிளைக் கழட்டித் திரும்பக் குத்துங்கோ. பிறகு முக்கோண வரியில ரைட் கிளிக், அப்டேட் ட்ரைவர், ப்ரவுஸ் மை கம்ப்யூட்டர், லெட் மீ பிக். வாற பட்டியலில 2008 திகதி உள்ளதைத் தெரிவு செய்யுங்கோ. தானாத் தேடச் சொன்னா புதுசைத்தான் பிடிச்சுக் குடுக்கும். "ட்ரைவர் அப்டேட்டர்" எண்டு வாற இலவச மென்பொருளுகள் ஒண்டையும் தொடாதேங்கோ.

கொம்போர்ட்:
முக்கோணம் போனாலும் பில் வராமல் இருக்கலாம். பில் மென்பொருள் கொம் 3 என்ற போர்ட் இலக்கத்தைத் தேடும், கேபிள் கொம் 5 ஆக வந்து நிற்கும். போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்ட் போய் இலக்கத்தை மாற்றுங்கள். "இன் யூஸ்" என்று காட்டினால் வியூ மெனுவில் ஷோ ஹிடன் டிவைசஸ் கொடுத்து, மங்கலாகத் தெரியும் பழைய போர்ட்களை அன்இன்ஸ்டோல் செய்யுங்கள்.

எழுத்து குழம்பி அடித்தால் போட் ரேட் (தரவு அனுப்பும் வேகம்) பொருந்தவில்லை. ஃபீட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி பிரிண்டரை ஓன் செய்தால், பெரும்பாலானவை தங்கள் செட்டிங்கைத் தாளில் அடித்துத் தரும். அதில் 9600 என்றிருந்தால் மென்பொருளிலும் 9600.

வெள்ளவத்தைக்_கடை:
3.3.2.102 போட்டதும் பில் வந்தது, நன்றி. ஆனா அடுத்த நாள் காலமை திரும்ப அதே வசனம்!

ஈயப்பற்று:
வின்டோஸ் அப்டேட் புதுசைத் திரும்பப் போட்டிருக்கும். வின்டோஸ் ப்ரோ பதிப்பெண்டா, வின்டோஸுக்கு விதி போடுற குரூப் பொலிசி எடிட்டரில, வின்டோஸ் அப்டேட்டோட ட்ரைவர்களைச் சேர்க்காதே எண்ட விதியை எனேபிள் செய்யுங்கோ. பிறகு புது ட்ரைவரை அன்இன்ஸ்டோல் செய்யேக்க, ட்ரைவரையும் நீக்கு எண்ட பெட்டியில சரி போட மறக்காதேங்கோ. முடிஞ்சதும் 2008 பதிப்பைத் திரும்பத் தெரிவு செய்யுங்கோ. ஹோம் பதிப்பில அந்தப் பொலிசி எடிட்டர் இல்லை. மெமரி இன்டெக்ரிட்டி எண்ட வின்டோஸ் பாதுகாப்பு பழைய ட்ரைவரைத் தடுத்தா அதை நிப்பாட்டாதேங்கோ, காசு புழங்கிற மெசினுக்கு அந்தப் பாதுகாப்பு வேணும்.

கொம்போர்ட்:
என் அபிப்பிராயம், கடைக் கல்லாவுக்கு இந்தப் போராட்டம் வேண்டாம். எஃப்டிடிஐ என்ற வேறு கம்பனியின் சிப் உள்ள கேபிள் வாங்குங்கள், பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் விசாரிக்கலாம். பெட்டியில் உள்ள பெயரை நம்பாமல், குத்தியதும் ப்ரொப்பர்ட்டீஸ், டீட்டெய்ல்ஸ், ஹார்ட்வெயார் ஐடீஸ் பாருங்கள். விஐடி (தயாரிப்பாளர் இலக்கம்) 0403 என்றால் எஃப்டிடிஐ, 1ஏ86 என்றால் சிஎச்340 வகைச் சிப், 067பி என்றால் மறுபடியும் ப்ரொலிஃபிக். போலியும் இதே இலக்கத்தைக் காட்டும், அதனால் மாற்றித் தரும் உறுதியோடு வாங்குங்கள்.

கடையிலேயே சோதிக்க ஒரு வழி: 9 பின் முனையில் 2ஆம், 3ஆம் பின்களைச் சின்னக் கம்பியால் இணைத்து, புட்டி (PuTTY) என்ற மென்பொருளில் அந்தக் கொம் போர்ட்டைத் திறந்து எழுத்துகளைத் தட்டுங்கள். தட்டியது திரையில் திரும்பி வந்தால் கேபிள் நல்லது. கம்பியை எடுத்ததும் நின்றுவிட வேண்டும்.