பள்ளத்தில் ஒதுக்கிய குடியிருப்பும் வெள்ளமும்: களத்தில் பார்த்தவை

வடிகால் பணியிலிருந்து:
மேட்டுப் பகுதியில் 900 மி.மீ. குழாய். அது போய்ச் சேரும் ஏழைக் குடியிருப்பில் பழைய 450 மி.மீ. குழாய். விட்டம் பாதிதானே, பாதித் தண்ணீராவது போகாதா என்று கேட்பார்கள். அதே சாய்வில் சுமார் ஆறில் ஒரு பங்குதான் போகும். மீதி மேன்ஹோல் மூடியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வரும். ஒரு ஹெக்டேரில் 50 மி.மீ. மழை பெய்தால் 500 கன மீட்டர் நீர். மண் தரை நன்றாகவே உறிஞ்சிக்கொள்ளும். மேட்டில் காங்கிரீட் போட்டு மூடிவிட்டால் 450 கன மீட்டர் வரை கீழே ஓடிவரும். 'பள்ளத்தில் இருந்தால் வெள்ளம் வரத்தானே செய்யும்' என்பவர்கள் முதலில் குழாய் வரைபடத்தைப் பார்க்கட்டும்.

மறுமொழி:
சாலையையும் சேருங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டால் சாலை தடவைக்கு 4 செ.மீ. உயரும்; ஆறு தடவையில் 24. வசதியுள்ளவர் வீட்டையே உயர்த்திக் கட்டுவார். வாடகைக்கு இருப்பவர் வாசலில் இரண்டு வரிசை செங்கல் வைப்பார், தண்ணீர் கழிப்பறைக் கோப்பை வழியே பொங்கும். சாக்கடை இணைப்பில் நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை வெளியே மட்டும் விட்டு, திரும்பி வராமல் மூடிக்கொள்ளும் அடைப்பான்) போட்டால் தடுக்கலாம். ஆனால் அதன் மடலில் ஒரு துணிக்கந்தல் சிக்கினாலும் மூடாது. மழைக்கு முன் திறந்து கழுவ வேண்டும்.

நிவாரணப் பணியிலிருந்து:
ஒதுக்கி வைப்பதன் கேடு தண்ணீர் வடிந்த பிறகும் தொடரும். அண்ணன் வீடு, மச்சான் வீடு எல்லாம் அதே பள்ளத்தில். ஒதுங்கப் போக மேட்டில் ஒரு வீடு இருக்காது. இழப்பீட்டிலும் இதே கதைதான். 2005 கத்ரீனா புயலுக்குப் பின் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் வீட்டைச் சீரமைக்கப் பணம் தந்த 'ரோடு ஹோம்' திட்டம், வீட்டின் பழைய சந்தை மதிப்பு, பழுதுபார்க்கும் செலவு இரண்டில் குறைந்ததை வைத்துத் தொகை கணக்கிட்டது. கறுப்பினத்தவர் பகுதிகளில் சந்தை மதிப்பே குறைவு. சிமெண்டும் பலகையும் எல்லாருக்கும் ஒரே விலை. இதை எதிர்த்துப் போட்ட வழக்கு 2011-இல்தான் சமரசத்தில் முடிந்தது.

வடிகால் பணியிலிருந்து:
பம்ப் பற்றி ஒன்று. மின்கசிவுக்குப் பயந்து பள்ளத்துக்குத்தான் முதலில் மின்சாரத்தை நிறுத்துவார்கள். பம்ப் ஹவுஸும் அதே ஃபீடரில் (மின்வழித்தடத்தில்) இருந்தால் அதுவும் நின்றுபோகும். டீசல் ஜெனரேட்டர் வையுங்கள், சுவரில் தெரியும் பழைய வெள்ளக் கறைக்கு மேலே பீடம் கட்டி.

மறுமொழி:
பம்ப் ஆபரேட்டர் எங்கே குடியிருக்கிறார் என்றும் பாருங்கள். பெரும்பாலும் அந்தப் பள்ளத்தில்தான். மேட்டுக்கும் சேர்த்துத் தண்ணீரை வெளியேற்ற வேண்டிய சாவி அவர் வீட்டு ஆணியில் தொங்கும். அவரோ இடுப்பளவு தண்ணீரில் நிற்பார்.