கூத்து மலர் பெயர்ப் பட்டியல் பற்றி (கொஞ்சம் நீளம், மன்னிக்கவும்)

எல்லாருக்கும் வணக்கம்.

எங்கட ஊர்க் கூத்து மலருக்கென்று, ஆடியவர்களின் பெயர்களைச் சேர்த்துப் போன கிழமை அண்ணை அனுப்பிய பட்டியலுக்கு நான் "இது முழுசு இல்லை" என்று ஒரே வரியில் பதில் போட்டது சிலருக்குக் குத்தியிருக்கிறது போல. மாமா போன் எடுத்தே கேட்டார், "உனக்கு யாரில கோபம் தம்பி" என்று. ஒருவரிலும் இல்லை மாமா. கூத்துப் பழக்குகிற அண்ணாவிமாரில் தொடங்கி கோவலன், கண்ணகி, மாதவி, பாண்டியன் என்று ஆடிய அத்தனை பேரின் பெயரையும் அண்ணை நினைவில் இருந்தே எடுத்து அடுக்கியிருக்கிறார், அது சின்ன வேலை இல்லை. ஆனால் அந்த நாட்களில் நான் ஒரு பழைய நடிகையைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன், பட்டியலைத் திறந்தபோது அந்த மனுசிதான் கண்ணுக்குள் நின்றார்.

பெயர் பி. கே. ரோசி. மலையாளத்தில் எடுத்த முதற்படத்தின் கதாநாயகி. பேச்சே வராத காலம், 1920களின் கடைசி. படத்தின் பெயர் விகதகுமாரன், அதாவது காணாமற்போன பிள்ளை. கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் 2017 மாசியில், காணாமற்போன தங்கட பிள்ளைகளைக் கேட்டுப் போய்க் குந்திய தாய்மாரை அறிந்த எங்களுக்கு இந்தப் பெயரை வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போவது லேசில்லை. கதையும் எங்கட பக்கம்தான் வருகிறது: திருவிதாங்கூரில் ஒரு பணக்கார வீட்டுப் பிள்ளையைக் கடத்தி இலங்கைக்குக் கொண்டுவந்துவிட, பிள்ளை இங்கே தோட்டத்தில் கூலியாக வளர்கிறான்.

படத்தை எடுத்தவர் ஜே. சி. டானியேல், அகத்தீசுவரத்துத் தமிழர். காணியை விற்று, திருவனந்தபுரத்தில் ஸ்டுடியோ போட்டு, எழுதி, இயக்கி, கதாநாயகனாகவும் அவரே நின்றார். கதாநாயகிதான் கிடைக்கவில்லை. நல்ல குடும்பத்துப் பெண்கள் கமரா முன்னால் நிற்பார்களா என்ற காலம் (எங்கட கூத்தில் கண்ணகிக்கு மீசை மழித்த கதைகளை நினைத்துப் பாருங்கோ). கடைசியில் வந்தவர்தான் ரோசி. 1903இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர், இயற்பெயர் ராஜம்மா, ஒடுக்கப்பட்ட புலையர் சமூகம், புல்லு வெட்டிப் பிழைத்த குடும்பம். ஆனால் ஆட்டம் தெரியும். காக்காரிசி நாடகம் என்று ஒன்று அங்கே உண்டு, சிவனும் பார்வதியும் நாடோடிகளாக வேடம் கட்டி வருவார்கள், பாட்டும் பேச்சும் தமிழும் மலையாளமும் கலந்தே போகும். அதில் நடித்துப் பழகியவர். டானியேல் அவருக்குக் கொடுத்த பாத்திரம் சரோஜினி, மேல்சாதி நாயர் வீட்டுப் பெண்.

அதுதான் பிழையாகப் போனது. திருவனந்தபுரம் கப்பிட்டல் தியேட்டரில் முதல் காட்சி. ரோசி இருந்தால் தாங்கள் வரமாட்டோம் என்று ஊர்ப் பெரியவர்கள் நின்றதால், தன் முகம் முதல் தடவை திரையில் தெரிந்த அன்று அவருக்கு உள்ளே இடமில்லை. படத்தில் கதாநாயகன் அவருடைய கூந்தலில் இருந்த பூவை எடுத்து முத்தமிடுவதாக ஒரு காட்சி. புலைச்சி நாயர்ப் பெண்ணாக நிற்கிறதே பொறுக்காத கூட்டம், அதைக் கண்டதும் கல்லெடுத்தது, திரையைக் கிழித்தது. அதோடும் விடவில்லை, பிறகு அவருடைய குடிசைக்கும் நெருப்பு வைத்தார்கள். ரோசி தெருவுக்கு ஓடி, தமிழ்நாட்டுப் பக்கம் போன ஒரு லொறியில் ஏறித் தப்பினார். அந்த லொறிச் சாரதியையே கட்டி, நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரோடு மிச்சக் காலத்தை வாழ்ந்து முடித்தார். அதற்குப் பிறகு நடிக்கவே இல்லை.

டானியேலும் நொடித்துப் போனார். கடன் தலைக்கு மேல், பிறகு பல் வைத்தியம் செய்து பிழைத்து, 1975இல் அகத்தீசுவரத்தில் இறந்தார். அவர் பெயரில் கேரள அரசு விருது தொடங்கியது 1992இல். ரோசிக்கு இன்னும் தாமதம். 2023 மாசி 10ஆம் திகதி, அவருடைய 120ஆவது பிறந்தநாளுக்கு, கூகிள் முகப்பில் அவர் படம் வந்தது.

இப்ப எங்கட கதைக்கு வருகிறேன். நான் கேட்டதற்கு அண்ணை எழுதிய பதில், "படம், அல்பம், கொப்பி எல்லாம் 2009இல் முள்ளிவாய்க்காலோடு போச்சு, அதால சிலது விடுபட்டிருக்கும்" என்பது. நியாயமான பதில்தான், நானும் ஓமென்றுதான் இருந்தேன். ஆனால் ஒன்றைப் பாருங்கோ. விகதகுமாரனின் படச்சுருள் இன்று இல்லை. அதே காலத்தில் ஊமைப்படத்தில் நடித்து, 1931இல் முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸில் கதாநாயகியான டி. பி. ராஜலட்சுமி இருக்கிறார், 1936இல் மிஸ் கமலாவைத் தானே இயக்கியவர். காளிதாஸின் சுருளும் இல்லை. ஆனாலும் சினிமா ராணி என்று அவர் பெயர் நின்றது. இரண்டு சுருளும் அழிந்தன, ஒருவர் பெயர்தான் அழிந்தது.

எங்கட பட்டியலிலும் கோவலனாக ஆடியவர்களின் படங்கள் மிஞ்சவில்லை, அவர்களுடைய வீடுகளும்தான் எரிந்தன. பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அப்ப, வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் காலத்தில் கொட்டகைக்கு வெள்ளைத் துணி கட்டினவர் எங்கே? பறை கொண்டுவந்த வீட்டார் எங்கே? விடியவிடிய பெற்றோல்மாக்சுக்குக் காற்றடித்த பெடியன் எங்கே? கூத்தாடுகிற களரியைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கும், கயிற்றுக்கு அங்கால் யார் நின்று பார்த்தார்கள் என்று இந்தக் குழுவில் ஐம்பது வயது தாண்டின எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அப்போது எனக்கு எட்டு வயது, நான் கயிற்றுக்கு உள்ளே பாயில் படுத்திருந்தேன். அது முள்ளிவாய்க்காலில் தொலைந்த விசயம் இல்லை.

என்னுடைய அம்மம்மாவுக்குக் கோவலன் கூத்துப் பாட்டு முழுக்கப் பாடம். எழுதப் படிக்கத் தெரியாது. ஒத்திகை எங்கட முற்றத்தில் நடக்கிற நாட்களில் குசினிக்குள் இருந்தபடியே, ஆடுகிறவர் அடி மறந்தால் எடுத்துக் கொடுப்பார், அண்ணாவியாரும் கேட்டு "ம்" என்று தலையாட்டிவிட்டுத் தொடருவார். களரிக்கு ஒருநாளும் ஏறியதில்லை, ஏறக் கேட்டதும் இல்லை. கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இப்ப யோசிக்கிறேன்.

சரி, கேட்பது இதுதான். மலர் அச்சுக்குப் போக இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ஆடியவர் பட்டியலுக்குக் கீழே இன்னொரு பட்டியல் வேண்டும், அதே எழுத்தளவில். வெள்ளை கட்டினவர், பறை அடித்தவர், சமைத்தவர், உடுப்புக் கொடுத்தவர், பாட்டு எடுத்துக் கொடுத்தவர். சாதிப் பெயர் போட வேண்டாம், ஆளின் பெயரைப் போடுங்கோ. அந்தக் குடும்பங்களில் ஒருவரும் எங்கட மடற்குழுவில் இல்லை, அதையும் கவனித்தீர்களோ தெரியாது. ஊரில் இருக்கிற தம்பிமார் நேரே வீடுகளுக்குப் போய்க் கேட்க வேண்டும். பெயர் போடச் சம்மதமா என்றும் கேளுங்கோ, வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்குக் காரணம் இருக்கும்.

மாமா, முதலில் நீங்களே எழுதுங்கோ. 1976இல் நீங்கள் கண்ணகியாக ஆடினபோது உடுத்தது என்னுடைய அம்மம்மாவின் கூறைச்சேலை. அவருடைய பெயர் உங்களுக்குத் தெரியும்.