2 லட்சத்துக்குள்ள கிச்சன் முடிக்க முடியுமா, அனுபவப்பட்டவங்க சொல்லுங்க

வணக்கம் மக்களே, மதுரைல எங்க வீடு கட்டி 22 வருஷம் ஆச்சு, கிச்சன் 10க்கு 8 தான், கடப்பா கல் ஷெல்ஃப், சிங்க்குக்கு கீழ ஓதம் ஏறி சுவர் உப்பு பூத்து உதிருது, பருப்பு டப்பாவ நகத்துனா பின்னாடி கரப்பான் ஓடுது. கையில 2 லட்சம் இருக்கு, அதுக்கு மேல கடன் வாங்கக்கூடாதுன்னு வீட்டுக்காரர் கண்டிஷன். எனக்கு ஆசை என்னமோ அக்ரிலிக் ஷட்டர் (பளபளன்னு இருக்குற அலமாரி கதவு), டேன்டம் பாக்ஸ் (ஸ்மூத்தா இழுக்குற டிராயர்), சிம்னி, டால் யூனிட் (ஆளுயர அலமாரி)னு போகுது 😅 மாடுலர் கிச்சன் செய்றவர் ஒருத்தர் 4 லட்சத்து 30 ஆயிரம்னு கொட்டேஷன் குடுத்தாரு, ஜிஎஸ்டி தனியாம்!

இப்ப என் யோசனை, கடப்பா கல்ல இடிக்காம அப்படியே விட்டுட்டு ஷட்டர் மட்டும் போட்டு, மேடைக்கு கிரானைட் மாத்தி, முதல்ல பிளம்பிங்க சரி பண்ணிடலாம்னு. சிங்க்குக்கு கீழ மட்டும் பிவிசி, மத்த ஷட்டருக்கு தண்ணி தாங்குற 710 கிரேடு ப்ளைவுட்ல லேமினேட் போதுமா? எங்க மாமியார் அலுமினியமே போடுன்றாங்க, அது ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்னு எனக்கு மனசே வரல. சிம்னிய அடுத்த வருஷம் வாங்கிக்கலாம், ஆனா பைப்புக்கு ஓட்டையும் பிளக் பாயின்ட்டும் இப்பவே போட்டு வைக்கணுமா? ஆசாரிய வீட்டுக்கே வரவச்சு செஞ்சவங்க சதுர அடிக்கு எவ்ளோ ஆச்சுன்னு சொன்னா புண்ணியமா போகும்.